எல்லாம் சாராயந்தானே!

பெரம்பலூரில் ஒரு கல்யாணம். முகூர்த்தமும் பந்தியும் முடிந்து, மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்து நிழலில் நாற்காலிகளை வளைத்துப் போட்டுக்கொண்டு நாலைந்து பேர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தோம். பெண்ணின் சித்தப்பா மகன் ஒருவன், என்ஜினீயர், இத்தாலியில் டூரின் நகரத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்தான். அந்த ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னோம். கோவில், கோபுரம், பனி என்று ஆரம்பித்தவன், எங்கே எப்படித் திரும்பினானோ, திராட்சைக்கு வந்து சேர்ந்தான். அவனுடைய வீட்டுக்காரக் கிழவருக்கு மலைப்பக்கத்தில் ஒரு தோட்டம் இருந்ததாம். ஐப்பசி வாக்கில் அறுவடைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போவாராம். நெப்பியோலோ, பார்பேரா, டோல்செட்டோ என்று அவன் சொல்லிக்கொண்டே போனபோது அவன் கண்ணில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

அவனுடைய பெரியப்பா குறுக்கிட்டார். செட்டிகுளம் பக்கத்து விவசாயி. ஊரில் மரியாதையுள்ள மனிதர்.

"ஏண்டா தம்பி, இதைப் படிச்சுட்டு வரவா உன்னை அங்கே அனுப்பினோம்? என்ன பேரு வெச்சா என்ன, எல்லாம் சாராயந்தானே!"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பையன் முகம் சுண்டிப்போய்ப் பேச்சை நிறுத்திவிட்டான். அன்று மாலை அரியலூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அந்தச் சிரிப்பு எனக்கே கசந்தது. அந்த ஒரு வாக்கியத்தோடு சண்டை போடத்தான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யாரையும் குடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கிவிட்டார். அதைத் திருத்த எனக்கு யோக்கியதையும் இல்லை, ஆசையும் இல்லை. நான் குடிப்பவனா இல்லையா என்பது வாசகர்களுக்கு அவசியமில்லாத விஷயம். ஒரு பொருளைத் தெரிந்துகொள்வது வேறு, அதை உபயோகிப்பது வேறு. நல்ல பாம்புக்கும் சாரைக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்கிறவன் கடிபடுவதற்காகவா தெரிந்துகொள்கிறான்?

அந்தப் பையனை நான் பிறகு தனியாகப் பிடித்துப் பேசவைத்தேன். அவன் கற்றுக்கொண்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. கிழவர் அவனுக்கு ஆரம்பத்தில் பல பாட்டில்களைத் திறந்து காட்டவில்லை. மாதக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டோடு பார்பேரா ஒன்றைத்தான் ஊற்றினாராம். அது அந்தப் பக்கத்துக் குடியானவர்களின் அன்றாட ஒயின். நல்ல கறுத்த நிறம், புளிப்பு மிகுதி, துவர்ப்பு கொஞ்சம். அது நாக்கில் நன்றாகப் படிந்த பிறகு ஒரு நாள் நெப்பியோலோவை வைத்தாராம். நிறம் வெளிறியிருக்கிறது, சாதுவாக இருக்குமென்று பையன் வாயில் விட்டான். பிஞ்சு வாழைக்காயைக் கடித்த மாதிரி ஈறெல்லாம் இழுத்துப் பிடித்துக்கொண்டதாம். ஒன்று தெரிந்தால்தான் மற்றது வேறாகத் தெரியும் என்பது கிழவரின் கட்சி. நமக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்த பாஷை நம்முடையது. கடுக்காயும் நெல்லிக்காயும் தின்று வளர்ந்த நாக்குக்கு நெப்பியோலோவை விளங்கிக்கொள்ள அகராதி வேண்டாம்.

நெப்பியோலோ என்ற பெயர், பனிமூட்டத்தைக் குறிக்கும் 'நெப்பியா' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். மலைச்சரிவில் பனி இறங்கும் அக்டோபரில்தான் அது பழுக்கிறது. புகழ்பெற்ற பரோலோவும் பார்பரெஸ்கோவும் அந்த ஒரே பழத்திலிருந்து வருகிறவை. அவை இரண்டும் ஊர்ப் பெயர்கள். தெற்கே டஸ்கனியில் ஸான்ஜியோவேஸே என்று ஒரு பழம். கியாந்தி ஒயினுக்கு அதுவே ஆதாரம். அதற்கு மொந்தல்சினோவில் புரூனெல்லோ என்று பெயர், மொந்தெபுல்சியானோவில் புருஞ்ஞோலோ, ஸ்கான்ஸானோவில் மொரெல்லினோ. பள்ளிக்கூடத்தில் ராமலிங்கம், வீட்டில் சின்னத்தம்பி, மாமியார் வீட்டில் மாப்பிள்ளை என்பது போல. இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு: மொந்தெபுல்சியானோ என்று ஒரு பழமே தனியாக இருக்கிறது; அதற்கும் அந்த ஊர் ஒயினுக்கும் சம்பந்தமில்லை! இப்படி 500-க்கும் அதிகமான ரகங்களை அந்த நாட்டில் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு பெயருக்காகச் சட்டம் போடுகிறவர்கள். 'ப்ரொசெக்கோ' என்ற பெயரை ஊருக்கென்று காப்பாற்றுவதற்காக, அதே பெயரில் இருந்த திராட்சையை 2009-இல் 'கிளேரா' என்று மாற்றிவிட்டார்கள். டோர்டோனா குன்றுகளில் திமொராஸோ என்ற வெள்ளைத் திராட்சை அழியும் நிலைக்கு வந்தபோது, வால்டர் மாஸா என்ற ஒரு குடியானவர் 1980-களில் பிடிவாதமாக அதை மறுபடி வளர்த்து ஒயின் செய்தார். இன்று அந்தக் குன்றுகளுக்கே அது பெருமை.

பெரியப்பா கேட்பார்: "பேரு வெச்சுட்டா விஷம் போயிடுமா?"

போகாது. அதையும் சொல்லத்தான் வேண்டும். 1986-ஆம் வருஷம் அதே வடக்கு இத்தாலியில், மட்டமான ஒயினுக்குக் காரம் ஏற்றுவதற்காக மெத்தனாலைக் கலந்து விற்றார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சிலர் கண்ணை இழந்தார்கள். அந்தப் பாட்டிலின் மேலே ஒட்டியிருந்த பெயர் பார்பேரா! பையனுக்குக் கிழவர் முதலில் கற்றுக்கொடுத்த அதே பார்பேரா. மலிவான பழம், ஏழை வாங்குவது, யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

ஆனால் பிறகு என்ன நடந்தது? பாட்டில் எங்கே நிரப்பப்பட்டது, மது எந்த வழியாக வந்தது என்று தேடிப் போக முடிந்தது. வெளிநாடுகள் இத்தாலிய ஒயினை வாங்கத் தயங்கின, ஏற்றுமதி சரிந்தது. நாம் பாதுகாத்த பெயரை எவனோ கெடுத்துவிட்டானே என்று நேர்மையான தோட்டக்காரர்களுக்கு ரோஷம் வந்தது. கெடுவதற்குப் பெயர் என்று ஒன்று இருந்தால்தானே ரோஷம் வரும்! அஸ்தி பிரதேசத்தில் ஜாக்கோமோ போலோஞ்ஞா என்பவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1982-இல், பார்பேராவை உயர்ந்த ஒயினாகச் செய்து காட்டத் தொடங்கியிருந்தார். அந்த வழியில் பலர் போனார்கள். 1992-இல் ஊர்ப் பெயர்களுக்கான சட்டத்தையே புதிதாக எழுதினார்கள்.

இப்போது நம் பக்கம் வருகிறேன். பெரம்பலூருக்கு அண்டை ஜில்லா கள்ளக்குறிச்சி. 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அங்கே கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அங்கேயும் மெத்தனால்தான். அதற்கு முந்திய வருஷம் மே மாதத்தில் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் இதே கதி. கூலிவேலைக்காரர்கள்; ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும். அந்தப் பாக்கெட்டின் மேலே என்ன பெயர் இருந்தது? ஒன்றுமில்லை. எந்த ஊர், எந்தப் பொருள், எந்தத் தேதி, எவன் கை? ஒன்றுமில்லை. அந்த வாரம் நான் ஏறிய பஸ்களிலும் காப்பி குடித்த ஹோட்டல்களிலும் கேட்ட பேச்சு என்ன தெரியுமா? "குடிகாரப் பயல்கள், எதையோ குடிச்சான், செத்தான்."

எதையோ! கல்யாண வீட்டு வேப்பமரத்தடியில் நாங்கள் சிரித்த சிரிப்பும் இந்த 'எதையோ'வும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இதை நினைக்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. எல்லாம் சாராயந்தான், எல்லாம் ஒன்றுதான் என்றால், அப்புறம் மிஞ்சுகிற வித்தியாசம் விலை ஒன்றுதான். நாள் முழுவதும் சுமை தூக்கியவன் அந்த ஒன்றிலேயே குறைந்த விலைக்குக் கிடைப்பதை வாங்குகிறான். அவன் நம்முடைய சித்தாந்தத்தைத்தான் நம்முடைய கணக்குப்படியே கடைப்பிடித்தான். எல்லாம் ஒன்றென்று அவனுக்குக் கற்றுக்கொடுத்த நாம் கை கழுவிவிட்டு வெற்றிலை போட்டுக்கொள்கிறோம்.

சர்க்கார் என்ன செய்தது என்று கேட்கலாம். 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் ராஜதானி முழுவதும் பரவியது. 1971-இல் எடுத்தார்கள், 1974-இல் மறுபடி கொண்டுவந்தார்கள், அதற்குப் பிறகும் எடுத்தார்கள். 2003 முதல் சர்க்காரே சில்லறைக் கடை வைத்து விற்கிறது. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு தண்டனையை ஆயுள் சிறை வரை உயர்த்தினார்கள். வேண்டியதுதான். ஆனால் திறக்கலாமா மூடலாமா என்று இத்தனை வருஷம் வாதாடியவர்களில், பாட்டிலுக்குள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டவர் எத்தனை பேர்? கடையில் அதிகம் போகிற சரக்கு பிராந்தி. பிராந்தி என்றால் உலகம் முழுவதும் திராட்சை ஒயினைக் காய்ச்சி வடித்தது. நம் பிராந்தியில் பெரும்பாலும் இருப்பது சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த சாராயம். அதற்கு நிறமும் வாசனையும் கூட்டியிருக்கிறார்கள். மேலே ராஜாக்களின் பெயர், சீமைப் பெயர். பாக்கெட்டுக்குப் பெயரே இல்லை. பாட்டிலுக்கு இரவல் பெயர். விஷம் இல்லை என்ற மட்டில் பாட்டில் மேலானது. அதற்கு மேல் அதைப் புகழ எனக்கு வாய் வரவில்லை.

இதில் இந்தச் சீமைக்கே உரிய ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக மனமில்லை. பெரம்பலூர், அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது. சாத்தனூரில் கல்லாகிப் போன மரத்தைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 12 கோடி வருஷத்துப் பழமை, 18 மீட்டர் நீளம். பெரம்பலூருக்குத் தெற்கே கருடமங்கலத்துப் பாறைகளில் ஒரு பகுதிக்குப் பூகர்ப்ப சாஸ்திரிகள் கொடுத்திருக்கும் காலப் பெயர் 'கோனியாஸியன்'. பிரான்ஸில் பிராந்திக்குப் பேர்போன கோன்யாக் நகரத்தின் பெயரால் வைத்தது! நெப்பியோலோ விளையும் லாங்கே குன்றுகளின் பெயராலும், திமொராஸோ விளையும் டோர்டோனாவின் பெயராலும் இதேபோல் பூமியின் காலங்கள் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் சுண்ணாம்பு மண்ணின் குணத்தை ஒயினில் தேடிப் பார்க்கிறார்கள். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் லாரி லாரியாகச் சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. வீடு கட்டச் சிமெண்ட் வேண்டாமா என்றால் வேண்டும்தான். சங்கும் சிப்பியும் கிடந்த அடுக்கு இது என்று லாரியில் ஏற்றுமுன் ஒருவன் நின்று பார்த்தால் போதும் என்கிறேன்.

நின்று பார்த்த இத்தாலிக்காரர் ஒருவர் இதே ஜில்லாவில் இருந்தார். திருமானூர்ப் பக்கம் ஏலாக்குறிச்சியில் கோவில் கட்டிய வீரமாமுனிவர். 1680-இல் வடக்கு இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தவர். கார்தா ஏரிக்குத் தெற்கே திராட்சை விளையும் குன்றுப் பிரதேசம் அது. மதம் பரப்ப வந்தவர், காது கேட்காதவர் போல, "எல்லாம் ஒரே தமிழ்தானே" என்று இருந்துவிட்டிருக்கலாம். எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் அந்தக் காலத்து ஓலையில் ஒரு புள்ளியால்தான் வேறுபட்டன. அந்தப் புள்ளியையும் பெரும்பாலும் வைக்காமல் விட்டுவிடுவார்கள். இரண்டும் வேறு, வேறாகவே எழுத வேண்டும் என்று எழுத்தின் உருவத்தைத் திருத்தியவர் அவர். 1732-இல் சதுரகராதி செய்தபோது, ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள், ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் என்று தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தார். நம் ஊரில் இருந்துகொண்டு நம் பெயர்களை ஓர் இத்தாலிக்காரர் அத்தனை சிரத்தையாகக் கற்றார். அவர் ஊர்ப் பழத்தின் நாலு பெயரை நம் பையன் சொன்னால் நாம் சிரிக்கிறோம்!

அதற்கும் வெகு காலத்துக்கு முன் இத்தாலிய ஒயின் நம் கரைக்கு வந்திருக்கிறது. 1945-இல் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது மதுச்சாடித் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. மண்ணில் கலந்திருக்கும் எரிமலைக் கறுப்பு மணலைப் பார்த்து, இது நேப்பிள்ஸ் பக்கத்துக் கம்பானியாவில் சுட்ட சாடி என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறார்கள். ஈராயிரம் வருஷத்து ஓட்டாஞ்சில்லுக்கு ஊர் தெரிகிறது. முந்தாநாள் பாக்கெட்டுக்குத் தெரியவில்லை.

இவ்வளவு சொன்னதால் பையன் பக்கம் முழு நியாயம் என்று நினைத்துவிட வேண்டாம். அவனோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. பெரம்பலூர் பஸ் நிலையத்தில் நாங்கள் இருவரும் பஸ்ஸுக்கு நின்றபோது தள்ளுவண்டியில் கறுப்புத் திராட்சை இருந்தது. அரைக் கிலோ வாங்கினான். "இது என்ன ரகம் தெரியுமா?" என்று கேட்டேன். "கறுப்புத் திராட்சை, சார். நம்ம ஊருப் பழந்தானே" என்றான். வண்டிக்கார அம்மாள் விடுவாளா? "பன்னீருங்க. கம்பத்துச் சரக்கு" என்றாள்.

கம்பம் பள்ளத்தாக்கில் அது வருஷத்துக்கு மூன்று போகம் கூடக் காய்க்கிறது. 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடி என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. சாஸ்திரத்தில் அதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதன் பிறப்பைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பக்கம் ஸ்கியாவா குரோஸா, இத்தாலியின் வட எல்லை மலைகளில் விளையும் பழம். இன்னொரு பக்கம் மஸ்கட் அலெக்ஸாண்டிரியா. ஸிஸிலிக்கு அப்பால் பாண்டெல்லேரியாத் தீவில் ஸிபிப்போ என்ற பெயரில் அதிலிருந்துதான் இனிப்பு ஒயின் செய்கிறார்கள். ஆகவே அந்தப் பையன் மூன்று வருஷம் டூரினில் தேடிக் கற்றதன் சொந்தக்காரி, காகிதப் பொட்டலத்தில் அவன் கையிலேயே இருந்தாள். அவனோ கறுப்பு என்று சொல்லி விதையைத் துப்பிக்கொண்டிருந்தான். மகாராஷ்டிரத்தில் அக்லூஜில் ஸான்ஜியோவேஸேயையே நட்டு ஒயின் செய்கிறார்கள் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. புட்டியில் இத்தாலிப் பெயர் இருக்கிறதல்லவா! சீமைப் பழத்துக்கு நாலு பெயர், நம் பழத்துக்கு நிறம் மட்டும். பெரியப்பாவின் வாக்கியத்தை அவனும் வேறு பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கடைசியாக, அந்தப் பெரியப்பாவை நான் மறுபடி பார்த்த கதை. ஒரு மாதம் கழித்துச் செட்டிகுளத்தில் அவர் வீட்டுக்கே போனேன். பையனும் இன்னும் ஊர் திரும்பவில்லை, கூட இருந்தான். தோட்டத்தில் பட்டறை போட்டுச் சின்ன வெங்காயம் வைத்திருந்தார். ஒரு வியாபாரி வந்து விலை பேசினான். நான் நினைத்தே பார்க்கவில்லை, அவனாகவே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்: "என்னங்க பெரியவரே, செட்டிகுளம் செட்டிகுளம்கிறீங்க. மூட்டையிலே கொட்டிட்டா எல்லாம் வெங்காயந்தானே!"

பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். "அது எப்படிய்யா ஒண்ணாகும்?" என்று ஆரம்பித்தார். கரிசல் மண்ணில் விளைந்தது எது, செம்மண்ணில் விளைந்தது எது. எந்தத் தோல் ஒட்டிக்கொண்டு நிற்கும், எது உரிந்து பறக்கும். திருகல் நோய் வந்த வயலின் காயை எப்படிக் கழுத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பது. பட்டறையில் எது மாதக்கணக்கில் தாங்கும், எது மழைக்கு முன்னாலேயே அழுகும். சாம்பாரில் போட்டால் எது கரையாமல் நிற்கும். கையில் இரண்டு வெங்காயத்தை எடுத்து நசுக்கி, ஒன்றை வியாபாரி மூக்குக்கும் இன்னொன்றைப் பையன் மூக்குக்கும் நேரே நீட்டினார். பையன் மோந்து பார்த்தான். பிறகு இரண்டையும் மாற்றி வாங்கி மறுபடி மோந்தான்.

நான் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, அவர் பேசி முடிப்பதற்காகக் காத்திருந்தேன். அரை மணி ஆயிற்று.